ஈரக் காற்றுக்குப் பின்னிய இருக்கை

இத்தாலியின் மிலான் நகரில் 1961 முதல் நடந்துவரும் சர்வதேச மரச்சாமான் கண்காட்சிக்கு ‘சலோனே தெல் மோபிலே’ என்று பெயர். ஏப்ரல் மாதம் அங்கே வைக்கப்படும் நாற்காலியின் சாயல் ஓரிரு ஆண்டுகளில் சென்னை, பெங்களூர் அடுக்குமாடி வீடுகளின் கூடத்துக்கும் வந்துவிடும். சமீப ஆண்டுகளில் அந்த அரங்குகளிலிருந்து வரும் படங்களில் ஒன்று திரும்பத் திரும்பத் தட்டுப்படுகிறது: பிரம்புப் பின்னல். நாற்காலி முதுகில், கட்டில் தலைமாட்டில், அலமாரிக் கதவில், விளக்குக் கூண்டில்கூட, எண்கோணக் கண்கள் கொண்ட அதே பின்னல்.

அது ஏன் அப்படிப் பின்னப்பட்டது என்று தெரிந்துகொள்ள மிலானைவிட நல்ல இடம் கொச்சி. மட்டாஞ்சேரி யூதத் தெருவில் ஒரு காலத்தில் மிளகும் இஞ்சியும் மூட்டை மூட்டையாகக் கிடந்த கிட்டங்கிகளில் பல இன்று பழம்பொருள் கடைகளாக இருக்கின்றன. ஈட்டிக் கட்டில்கள், தேக்குக் கதவுகள், கைப்பிடி நீண்ட சாய்வு நாற்காலிகள் எல்லாம் ஓட்டுக் கூரைக்கடியில் நெருக்கியடித்து நிற்கும். அங்கே ஒரு நாற்காலியைத் தூக்கிக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். இருக்கைச் சட்டத்தைச் சுற்றி வரிசையாகத் துளைகள். துளைக்குத் துளை பிரம்பு ஏறி இறங்கியிருக்கும். மேற்புறம் விரலை ஓட்டினால் எண்ணெய் தடவியதுபோல வழுக்கும். அடிப்புறம் சொரசொரக்கும். ஒரே நாரின் இரண்டு முகங்கள் இவை. இந்த இருக்கையின் அறிவு முழுவதும் அந்த இரண்டு முகங்களின் வேறுபாட்டில் இருக்கிறது.

பிரம்பு ஒரு பனை. பனைக் குடும்பத்தில் பிறந்தும் தன் காலில் நிற்காமல் பக்கத்து மரத்தைப் பற்றிக்கொண்டு ஏறும் கொடி. உலகில் ஏறக்குறைய 600 இனங்கள் உண்டு; தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வளரும் கலாமஸ் ரோட்டாங் அவற்றில் ஒன்று. பின்னோக்கி வளைந்த முட்களால் இலையையும் கிளையையும் கவ்விக்கொண்டு வெளிச்சத்தைத் தேடி மேலே போகும். தென்கிழக்கு ஆசியக் காடுகளில் ஒற்றைத் தண்டு நூறு மீட்டரையும் தாண்டி நீண்டதாகப் பதிவுகள் உண்டு. அவ்வளவு நீளத்திலும் தண்டின் பருமன் பெரிதாக மாறுவதில்லை. வேம்பும் தேக்கும் ஆண்டுக்கு ஆண்டு வளையம் போட்டுப் பருக்கும். பனைக் குடும்பத்துக்கு அந்த ஏற்பாடே கிடையாது. தண்டு நீளத் தொடங்கியபோது என்ன பருமனோ ஏறக்குறைய அதுவே கடைசிவரை. அதனால்தான் அடியிலிருந்து நுனிவரை ஒரே அகலமுள்ள நாரை அதிலிருந்து உரிக்க முடிகிறது. மூங்கிலைப்போல உள்ளே கூடாகவும் இருக்காது. நடுவில் நீரை மேலேற்றும் அகன்ற குழாய்கள். வெளிவட்டத்தை நெருங்க நெருங்க இறுகிய நார்கள். எல்லாவற்றுக்கும் மேலே மணலில் இருக்கும் அதே சிலிக்கா படிந்த பளபளப்பான தோல்.

நாற்காலிக்கு உரிப்பது இந்தத் தோலைத்தான், அடியில் கொஞ்சம் நாரோடு சேர்த்து, இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலத்தில். மேல்முகம் நீரை ஏற்காது. உட்காருபவரின் வேட்டியும் சேலையும் உரசினாலும் தேயாது. அடிமுகத்தில் அறுபட்ட நார்களும் குழாய்களும் திறந்து கிடக்கின்றன. ஈரம் பட்டால் உடனே உறிஞ்சும்.

பின்னுபவர் முதலில் நாரை நீரில் ஊறவைக்கிறார். ஊறிய நார் துவண்டு, சொன்னபடி வளையும். முன்பின்னாக ஒரு வரிசை, அதன்மேல் குறுக்காக ஒரு வரிசை, மறுபடி முன்பின், மறுபடி குறுக்கு, பிறகு இரண்டு மூலைவாட்டு வரிசைகள்: ஒவ்வொரு எண்கோணக் கண்ணையும் ஆறு ஓட்டங்கள் சேர்ந்து உண்டாக்குகின்றன. வெறும் நெடுக்கும் குறுக்கும் போட்டால் சதுரக் கண்கள் கிடைக்கும். ஆள் உட்கார்ந்து நெளியும்போது சதுரம் சாய்ந்து சாய்சதுரமாகிவிடும். மூலைவாட்டில் ஓடும் நார்தான் அதைச் சாய விடாமல் பிடிக்கிறது. இரும்புப் பாலத்தில் குறுக்குச் சட்டம் செய்யும் வேலை இது. முக்கோணம் கலையாது என்ற வடிவியல் உண்மையை ஒரு கொடியின் தோலைக்கொண்டு நிறுவியிருக்கிறார்கள். முடித்த இருக்கை காயும்போது நார் சுருங்கும். எல்லா நாரும் ஒரே நேரத்தில் சட்டத்தை இழுக்க, இருக்கை விறைத்து நிற்கும். விரலால் சுண்டினால் ஒலி வரும்.

பல ஆண்டு உட்கார்ந்து பள்ளம் விழுந்த இருக்கையையும் இப்படியே மீட்கலாம். நார் அறுபடாமல் இருந்தால், நாற்காலியைக் கவிழ்த்து, வெந்நீரில் நனைத்த துணியை அடிப்புறத்தில் விரித்து ஊறவைத்து, நிழலில் காயவிட வேண்டும். இரவோடு இரவாக இருக்கை மேலே ஏறிவிடும். மேலே நீர் ஊற்றினால் வழிந்து ஓடும். அடியில் ஊற்றினால்தான் உள்ளே போகும். சிலிக்காத் தோலின் மறுபக்கத்தில் கதவு திறந்திருப்பது பழைய ஆசாரிகளுக்கும் பின்னுபவர்களுக்கும் கைப்பழக்கத்திலேயே தெரிந்திருந்தது. எனக்கு இந்த விஷயத்தில் ஆகப் பெரிய வியப்பு இதுதான்: ரிப்பேர் செய்யும் வழி பொருளுக்குள்ளேயே இருக்கிறது, அதற்குத் தேவையானது நீர் மட்டும்.

இந்தப் பின்னலைப் பார்வை இல்லாமலும் செய்யலாம். துளையின் இடைவெளி, நாரின் இழுப்பு, வழுக்கும் முகம் மேலே இருக்கிறதா என்பதெல்லாம் விரல் நுனிக்குத் தெரிந்துவிடும். பார்வையற்றோர் பள்ளிகளில் நாற்காலி பின்னுவது நெடுங்காலம் கற்றுத்தரப்பட்டது. அரசு அலுவலகங்களிலும் ரயில்வேயிலும் நாற்காலி பின்னும் பணிக்கு அவர்களை நியமித்தார்கள். பழைய தாலுகா அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதிய எத்தனையோ குமாஸ்தாக்களின் முதுகைத் தாங்கியது அவர்கள் கைவேலை.

இனி கொச்சியின் காற்றுக்கு வருவோம். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர். ஆனி, ஆடி மாதக் காலைகளில் காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தொடும். சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடல் சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியேற்றியாக வேண்டும். வெப்பமான காற்றில் அதற்குப் பெரிதும் உதவுவது வியர்வை ஆவியாவதுதான். ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறக்குறைய 2,400 ஜூல் வெப்பத்தைத் தோலிலிருந்து எடுத்துக்கொள்கிறது. பஞ்சு மெத்தையில் உட்கார்ந்தால் தொடைக்கும் மெத்தைக்கும் நடுவில் காற்று அசையாது. அங்கே ஈரப்பதம் ஏறி ஆவியாதல் நின்றுவிடும். ஏற்கெனவே ஈரம் நிறைந்த கொச்சிக் காற்றில் அந்தக் கொஞ்ச நஞ்ச அசைவும் நின்றால் புழுக்கம்தான். பின்னலில் கீழிருந்து காற்று வரும். எண்கோணக் கண் அழகுக்கு வைத்ததாகத் தோன்றலாம். அது உடலைக் குளிரவைக்கும் துளை.

1503-ல் போர்த்துகீசியர் இங்கே கோட்டை கட்டினார்கள். 1663-ல் டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். 1795-ல் ஆங்கிலேயர் வந்தார்கள். மெத்தை தைத்த நாற்காலியில் பழகிய அவர்கள் இந்தக் கடற்கரையில் பிரம்புக்கு மாறினார்கள். ஆறு கால்களும் வட்டமான பிரம்பு இருக்கையும் கொண்ட ‘பர்கோமாஸ்டர்’ நாற்காலி அந்தக் கலப்பில் பிறந்தது. சோழமண்டலக் கரை, இலங்கை, படாவியா (இன்றைய ஜகார்த்தா) என்று டச்சுக் கம்பெனி போன இடமெல்லாம் அதைச் செய்தார்கள். கம்பெனிக் கப்பல்களில் பிரம்பு ஐரோப்பாவுக்கும் போனது. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டனில் பிரம்பு நாற்காலி அவ்வளவு விற்றதால், நாற்காலிக்குக் கம்பளித் துணி விற்றுவந்தவர்கள் அதைத் தடுக்கக் கோரி நாடாளுமன்றத்தில் மனுக் கொடுத்தார்கள். பிரம்பு நாற்காலிக்காரர்களும் பதில் மனுக் கொடுத்தார்கள்: எங்கள் நாற்காலி இலேசானது, உழைக்கும், தூசியும் அந்துப்பூச்சியும் அண்டாது என்பது அவர்கள் வாதம். இன்றைய கண்காட்சி விளம்பரங்களும் அதைத்தான் சொல்கின்றன.

இருக்கையைத் தாங்கும் மரச்சட்டமும் காற்றிலிருந்து நீரைக் குடிப்பதுதான். காற்றின் ஈரப்பதம் 85 சதவீதமானால், மரம் தன் உலர் எடையில் சுமார் 18 சதவீதம் நீரை வைத்துக்கொள்ளும். 40 சதவீதக் காற்றில் 8 சதவீதத்துக்கு இறங்கிவிடும். கொச்சி மழைக்காலத்தில் அறுத்துச் சேர்த்த 30 செ.மீ. அகலத் தேக்குப் பலகையை, குளிர்காலத்தில் சூடேற்றிய ஐரோப்பிய வீட்டுக்கு அனுப்பினால், அகலத்தில் சுமார் 6 மில்லிமீட்டர் குறுகும். நீளத்தில் குறுகுவது கண்ணுக்கே தெரியாது. இத்தனைக்கும் தேக்கு மிகக் குறைவாக அசையும் மரங்களில் ஒன்று. மட்டாஞ்சேரிக் கடைகளில் இருக்கும் பழைய கதவுகளையும் பெட்டிகளையும் கவனித்தால் அகலப் பலகை பெரும்பாலும் பசை போட்டு ஒட்டப்பட்டிருக்காது. நான்கு பக்கச் சட்டத்தில் காடி வெட்டி, அதற்குள் பலகை இலேசாக உட்கார்ந்திருக்கும். மழையில் அகலட்டும், வெயிலில் குறுகட்டும் என்று விட்டுவைத்த இடம் அது. அந்த இடத்தை மறந்து அழுத்தி ஒட்டியவை வெடித்துக் கிடக்கின்றன.

தேக்கின் உள்ளே கரையானுக்கு ஒவ்வாத டெக்டோகுயினோன் என்ற பொருளும் உண்டு. நிலம்பூரில் 1840-களில் கலெக்டர் கனோலி தொடங்க, சாத்து மேனோன் என்ற அதிகாரி நட்டு வளர்த்த தேக்குத் தோட்டத்தை உலகின் முதல் தேக்குத் தோட்டம் என்கிறார்கள். பிரம்புக்கு அந்தத் தற்காப்பு இல்லை. அதன் தண்டில் மாவுச்சத்து நிறைய. வண்டு துளைத்து உளுத்துப்போகும், ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். அதனால் தடித்த பிரம்பை வெட்டியதும் எண்ணெயில் கொதிக்கவைத்துக் காயவைக்கிறார்கள். மிகவும் வறண்ட காற்றும் ஆகாது. எந்நேரமும் ஏ.சி. ஓடும் அறையில் நார் முறுகி, சட்டத்தின் விளிம்பில் ஒடியும். மாதத்தில் ஒருநாள் அடிப்புறத்தை ஈரத்துணியால் துடைப்பது அதற்கு உணவு கொடுப்பதற்குச் சமம்.

நம் அலுவலகங்களில் பிரம்பு இருந்த இடத்துக்குப் பிளாஸ்டிக் வயர் வந்தது. விலை குறைவு, பூஞ்சணம் பிடிக்காது. ஆனால் பிளாஸ்டிக் சுமையில் மெல்ல மெல்ல நீண்டுகொண்டே போகும். நீர் குடிக்காத பொருளை நீரால் இறுக்க முடியாது. பள்ளம் விழுந்தால் அறுத்துப் போடுவதைத் தவிர வழியில்லை.

சண்டிகரின் கதை இன்னும் வேதனை தரும். 1950-களில் அந்த நகரத்தை உருவாக்கியபோது, கட்டடக் கலைஞர் லெ கார்பூசியரின் உறவினரான பியர் ஜான்னரே அரசு அலுவலகங்களுக்காகத் தேக்கும் பிரம்பும் சேர்ந்த எளிய நாற்காலிகளை வடிவமைத்தார். பின்னல் அறுந்ததும் அவை மொட்டை மாடிகளில் குவிக்கப்பட்டு, கழிவாக ஏலம் போயின. வெளிநாட்டு வணிகர்கள் வாங்கிச் சென்று புதிதாகப் பின்ன, பாரிஸிலும் லண்டனிலும் ஒவ்வொன்றும் இலட்சக்கணக்கில் விலைபோனது. 2011-ல் மத்திய உள்துறை அமைச்சகம் தலையிட்டு அவற்றை வெளியே கொண்டுபோகத் தடை விதித்தது. மிலான் அரங்குகளின் இன்றைய பிரம்பு மோகத்துக்கு அந்த நாற்காலிகளும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

இந்த மோகத்தில் எனக்கு உடன்பாடு பாதிதான். இயந்திரத்தில் நெய்து சுருளாக விற்கும் பின்னலை மெத்தைக்கு மேல் ஒட்டினால் காற்று எங்கே போகும்? அது வெறும் தோற்றம். அதே சுருளைக் கொச்சி வீட்டின் துணி அலமாரிக் கதவில் பதித்தால் கதை வேறு. ஈரப்பதம் நீண்ட நேரம் 80 சதவீதத்தைத் தாண்டி நிற்கும் மூடிய இடத்தில் பூஞ்சணம் முளைக்கும். காற்று ஊடாடும் கதவு அதைத் தள்ளிப்போடும். மிலானில் அலங்காரமாக இருப்பது இங்கே பட்டுச்சேலையைக் காப்பாற்றும்.

இத்தனைக்கும் பிரம்பு கிடைக்க வேண்டுமே. உலகப் பிரம்பின் பெரும்பகுதியைத் தரும் இந்தோனேசியா, தன் ஊர்த் தொழிலாளிக்கு வேலை வேண்டும் என்று 2012 தொடக்கத்திலிருந்து கச்சாப் பிரம்பு ஏற்றுமதியை நிறுத்தியது. சீர்காழிக்குப் பக்கத்தில் நெடுஞ்சாலையோரம் பிரம்புச் சாமான் செய்து விற்கும் தைக்கால் போன்ற ஊர்களுக்கு அசாமும் அந்தமானும்தான் கைகொடுக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையில் அளவுக்கு மீறி வெட்டியதில் நல்ல பிரம்பு அரிதாகிவிட்டது. பீச்சியில் 1975 முதல் இயங்கும் கேரள வன ஆராய்ச்சி நிறுவனத்தில் தாவரவியலாளர் சி. ரேணுகா இந்தப் பிரம்புகளை இனம் இனமாகப் பிரித்தறிந்து பதிவு செய்தார். எந்த இனம் என்று தெரிந்தால்தான் எப்படி வெட்டலாம் என்பது தெரியும். சில பிரம்புகள் ஒற்றைத் தண்டாக எழும். வெட்டினால் செடியே முடிந்தது. சில புதராகக் கிளைக்கும். முற்றிய தண்டை மட்டும் எடுத்தால் பக்கக் கன்றுகள் மேலே ஏறிக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் ஏறிப் படர மரம் நிற்க வேண்டும். காட்டை அழித்துவிட்டுப் பிரம்பை மட்டும் வயலில் பயிரிட்டு எடுக்க வழியில்லை.