பழைய ஸ்போர்ட்ஸ் கார் மறுசீரமைப்பு: வண்ணமும் டயரும்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பிரித்து, துரு நீக்கி, பழுது பார்த்து, மீண்டும் ஓடும் நிலைக்குக் கொண்டுவரும் வேலை மறுசீரமைப்பு எனப்படும். எஞ்சின், பிரேக், கியர்பெட்டி ஆகியவற்றில் எது சரி என்பதைக் கைநூலும் அளவுக் கருவியும் சொல்லிவிடும். வண்ணமும் டயரும் மட்டும் உரிமையாளரின் விருப்பத்துக்கு விடப்பட்டவை போலத் தோன்றும். ஆனால் இந்த இரண்டுக்கும் உரிய விடை பெரும்பாலும் வண்டியிலேயே இருக்கிறது. அதைத் தேடிப் பார்க்காமல் சுரண்டிவிட்டால் வண்டியின் வரலாறு போய்விடும். டயரில் தவறினால் ஓட்டுபவரின் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

'பழைய கார்' என்பதன் வரையறை

பிரிட்டனில் 1934-இல் தொடங்கப்பட்ட விண்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் கிளப், 1919 முதல் 1930 வரை தயாரான கார்களையே 'விண்டேஜ்' என்று கொள்கிறது. அதற்குப் பிந்தையவை பொதுவாகக் 'கிளாசிக்' எனப்படும். இந்தியச் சட்டத்தின் அளவுகோல் வேறு. 2021 ஜூலையில் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த இருசக்கர, நான்குசக்கர வாகனங்கள் விண்டேஜ் வாகனங்களாகப் பதிவு பெறலாம். சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. பதிவெண்ணில் 'விஏ' என்ற எழுத்துகள் இடம்பெறும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய் என்று கட்டணம் வகுக்கப்பட்டது. இவ்வாறு பதிவான வண்டியைக் கண்காட்சி, விண்டேஜ் ஊர்வலம், தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். அன்றாடப் பயன்பாட்டுக்கு அனுமதி இல்லை.

தமிழ்நாட்டுப் பின்னணி

சென்னையை அடுத்த வண்டலூரில் ஆலை நடத்திய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961-இல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைத் தயாரிக்கத் தொடங்கியது. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவானி மிக்கலொட்டி வரைந்து, பிரிட்டனில் 1959-இல் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டின் இந்திய வடிவம் இது. அதே ஹெரால்டின் சேசிஸைச் சுருக்கி 1962-இல் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்னும் இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் உருவானது. பிரிட்டனில் தயாராகாத நான்கு கதவு ஹெரால்டும் பின்னர் சென்னையில் தயாரானது.

இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல ஆண்டுகள் கார்ப் பந்தயங்களை நடத்தியது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத்தடம் திறக்கப்பட்டது. சோழவரத்தில் ஓடிய வண்டிகளில் பல, வீட்டுக்காரராகத் திங்கள் முதல் வெள்ளி வரை ஓடி, பந்தய நாளில் எண் ஒட்டிக்கொண்டவை. ஆகவே தமிழ்நாட்டில் கிடைக்கும் பழைய வண்டிக்குள் ஆலை நிறம், பந்தய நிறம், அடுத்தடுத்த உரிமையாளர்கள் அடித்த நிறம் என்று பல அடுக்குகள் இருக்கக்கூடும். பல்வேறு காலத்துக் கார்களை ஒரே இடத்தில் ஒப்பிட்டுப் பார்க்க, கோவை அவிநாசி சாலையில் உள்ள ஜிடி கார் அருங்காட்சியகம் உதவும்.

வேலைத்திறனுக்குச் சேலம்-நாமக்கல் வட்டாரம் பெயர் பெற்றது. லாரி பாடி கட்டும் பட்டறைகளும் டயர் ரீட்ரேடிங் கூடங்களும் நாமக்கல்லின் அடையாளங்கள். எருமப்பட்டி போன்ற சுற்றுவட்டார ஊர்களின் உரிமையாளருக்குத் டிங்கர் வேலைக்கும் பெயிண்ட் வேலைக்கும் தூரம் போக வேண்டியதில்லை. லாரியில் தூரிகையால் கோடும் எழுத்தும் வரையும் ஓவியர்கள், பழைய கார்களின் பக்கவாட்டில் ஓடும் மெல்லிய அலங்காரக் கோட்டையும் கையாலேயே இழுக்க வல்லவர்கள். ஸ்டிக்கர் கோட்டைவிட அது காலத்துக்குப் பொருந்தும். அதே வேளையில், லாரிக்குப் பழகிய சில முறைகள் காருக்கு ஒவ்வா. தடிமனாகப் பட்டி பூசி மேடுபள்ளத்தை மறைப்பது அவற்றுள் ஒன்று. மெல்லிய கார்த் தகட்டில் தடித்த பட்டி சில ஆண்டுகளில் வெடிக்கும். தகட்டைத் தட்டி நேராக்கிய பிறகு மெல்லிய பூச்சாகவே பட்டி பார்க்க வேண்டும்.

அசல் நிறத்தைக் கண்டறிதல்

பழைய பெயிண்டை உரிக்கும் முன் பின்வரும் இடங்களைப் பார்த்துப் புகைப்படம் எடுக்க வேண்டும்:

- டாஷ்போர்டின் பின்புறம், அதன் அடிப்பகுதி
- டிக்கியின் தரைவிரிப்புக்கு அடியில்
- கதவின் உட்பக்க அட்டைக்குப் பின்னால்
- பெட்ரோல் டேங்க், ஹாரன், விளக்கு ஆகியவற்றைப் பொருத்திய இடங்கள்
- மட்கார்டும் பாடியும் சேரும் போல்ட் இணைப்புகள்

ஹெரால்டு போன்ற கார்களில் பாடியின் பெரும்பகுதி போல்ட்டால் பூட்டப்பட்டது. இணைப்புகளைக் கழற்றினால் வெயில் படாத பெயிண்ட் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

அடுத்த படி, மறைவான ஓரிடத்தில் வாட்டர் பேப்பரை நனைத்து வட்டமாகத் தேய்ப்பது. மேலடுக்கிலிருந்து உள்ளே செல்லச் செல்ல வளையங்கள் தெரியும். அவற்றைக் கொண்டு எத்தனை முறை, எந்த வரிசையில் நிறம் மாறியது என்று அறியலாம். தகட்டை ஒட்டியிருக்கும் அடுக்கு பிரைமர் என்பதை மறக்கக் கூடாது. ரெட் ஆக்சைடு பிரைமரைப் பார்த்து 'வண்டி முதலில் சிவப்பு' என்று முடிவுசெய்வது அடிக்கடி நேரும் பிழை. பிரைமருக்கு நேர் மேலே இருப்பதே ஆலை நிறம்.

பழைய பெயிண்ட்களில் ஈயம் கலந்திருக்கலாம். அதனால் உலர் நிலையில் தேய்த்துத் தூசு கிளப்பாமல், நனைத்தே தேய்க்க வேண்டும்.

கிடைத்த மாதிரியைப் பாலிஷ் செய்து மங்கலை நீக்கிய பின்னரே பெயிண்ட் கடையின் கணினிக் கலவைக்குக் கொடுக்க வேண்டும். வெளுத்த மாதிரியைக் கொடுத்தால் வெளுத்த நிறமே கிடைக்கும். கலந்து வந்ததைத் தகட்டுத் துண்டில் அடித்து, காலை வெயிலிலும் நிழலிலும் வைத்துப் பார்த்துவிட்டு வண்டிக்கு அடிக்கலாம். அசல் நிறம் பிடிக்காமல் வேறு நிறம் அடிப்பவர்களும், கண்ணில் படாத ஓரிடத்தில் உள்ளங்கை அளவு பழைய பெயிண்டைச் சுரண்டாமல் விட்டுவைப்பது நல்லது. நிறத்தைப் பின்னர் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். உரித்துப் போட்ட சான்றை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

பந்தய நிறங்கள்

1900-இல் தொடங்கிய கார்டன் பென்னட் கோப்பைப் போட்டிகளிலிருந்து, நாட்டுக்கு ஒரு நிறம் என்ற வழக்கம் வளர்ந்தது. 1903-இல் போட்டி அயர்லாந்தில் நடந்தபோது பிரிட்டிஷ் கார்கள் பச்சை பூசி வந்தன. நாளடைவில் இத்தாலிக்குச் சிவப்பு, பிரான்சுக்கு நீலம், பெல்ஜியத்துக்கு மஞ்சள் என்று நிலைபெற்றது. ஜெர்மனியின் வெள்ளை 1934 முதல் வெள்ளியாக மாறியது. 1968-இல் லோட்டஸ் அணி சிகரெட் நிறுவனம் ஒன்றின் நிறங்களில் ஓடியதையடுத்து, ஃபார்முலா ஒன் பந்தயத்தில் நாட்டு நிறங்களின் இடத்தை விளம்பர நிறங்கள் பிடித்தன.

பந்தய நிறத்தைப் பந்தயம் ஓடாத வண்டிக்கும் கட்டாயமாகக் கருத வேண்டியதில்லை. கடையில் விற்ற ஸ்போர்ட்ஸ் கார்கள் பல நிறங்களில் வந்தன. 1961 மார்ச்சில் ஜெனீவாவில் ஜாகுவார் இ-டைப் அறிமுகமானபோது அங்கே கொண்டுவரப்பட்ட வண்டிகளில் ஒன்று பச்சை, மற்றொன்று சாம்பல். 'பிரிட்டிஷ் கார் என்றால் பச்சை, இத்தாலியக் கார் என்றால் சிவப்பு' என்று அடிப்பதால், கிரீம், சாம்பல், வெளிர்நீலம் போன்ற அக்கால நிறங்கள் கண்ணில் படாமலே போகின்றன.

பெயிண்ட் வகை

1920களின் தொடக்கம் வரை கார்களுக்கு வார்னிஷ் வகைப் பூச்சுகளே பூசப்பட்டன. காய நாள் கணக்கில் ஆகும். ஜெனரல் மோட்டார்ஸின் 1924 மாடல் ஓக்லாண்டு கார், டூப்பாண்ட் நிறுவனத்தின் டியூகோ என்ற நைட்ரோ செல்லுலோஸ் பெயிண்டுடன் வந்தது. விரைவில் காயும் இந்த வகையால் ஆலைகளில் பல நிறங்கள் சாத்தியமாயின. நம் பட்டறைகளில் இன்றும் என்சி பெயிண்டை 'டியூகோ' என்றே அழைப்பதுண்டு.

இன்று கிடைக்கும் தெரிவுகள் முக்கியமாக இரண்டு. என்சி பெயிண்ட் பழைய மென்மையான பளபளப்பைத் தரும்; பஃபிங் செய்து மெருகேற்றலாம்; ஆனால் வெயிலில் சீக்கிரம் மங்கும், பெட்ரோல் பட்டால் கறையாகும். ஹார்டனர் கலக்கும் 2கே பெயிண்ட் நீடித்து உழைக்கும். ஆனால் மேலே தடிமனாகக் கிளியர் கோட் அடித்தால் பழைய வண்டிக்குக் கண்ணாடி போர்த்தியது போலத் தோன்றும். ஓட்டுவதற்கான வண்டிக்குக் கிளியர் கோட் தேவைப்படாத ஒற்றை நிற 2கே நல்ல சமரசம். 2கே ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் மூச்சுக்குழலைப் பாதிக்கும். முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிப்பது பாதுகாப்பாகாது. வெளிக்காற்று வரும் முகமூடி தேவை.

கறுப்பு, கருநீலம் போன்ற அடர்நிறங்கள் தகட்டின் சிறு நெளிவையும் காட்டிக்கொடுக்கும். வெயிலில் வேகமாகச் சூடேறும். வெளிர்நிறங்கள் இரண்டிலும் பொறுத்துப் போகும். சமவெளி வெயிலில் நிற்கப்போகும் வண்டிக்கு இது முக்கியமான கணக்கு.

சட்டம்

பதிவுச் சான்றிதழில் நிறமும் பதிவாகியிருக்கும். ஆகவே நிறத்தை மாற்றுவதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு, மாற்றத்தைப் பதிவுசெய்துகொள்ள வேண்டும். மேலும், மத்திய மோட்டார் வாகன விதி 121-இன்படி ஆலிவ் பச்சை பாதுகாப்புத் துறை வாகனங்களுக்கு மட்டுமே உரியது. ராணுவம் விற்ற ஜீப்பை வாங்கிச் சீரமைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

டயர் வகை

பழைய கார்கள் பெரும்பாலும் கிராஸ்பிளை டயர்களுடன் வந்தவை. இவற்றின் உள்ளிழைகள் ஒன்றையொன்று சாய்வாகக் குறுக்கிட்டுச் செல்லும். ரேடியல் டயரில் இழைகள் விளிம்பிலிருந்து விளிம்புக்கு நேராக ஓடும். மிச்செலின் நிறுவனம் 1946-இல் இதற்குக் காப்புரிமை பெற்றது. ரேடியல் சாலையை நன்கு பிடிக்கும், மெதுவாகத் தேயும். கிராஸ்பிளை அக்காலத் தோற்றத்தையும், திருப்பத்தில் மெல்ல வழுக்கும் அக்கால ஓட்ட இயல்பையும் தரும்.

எதைத் தேர்ந்தாலும் நான்கு சக்கரத்துக்கும் ஒரே வகையைப் போடுவதே சரி. ஒரே அச்சில் இரண்டையும் கலக்கவே கூடாது. முன்னால் ரேடியலும் பின்னால் கிராஸ்பிளையும் இருந்தால், திருப்பத்தில் பின்பக்கம் முதலில் பிடி இழந்து வண்டி சுழன்றுவிடும். ஸ்டெப்னியையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கம்பிச் சக்கரங்களில் கம்பி பொருத்திய துளைகள் வழியே காற்று கசியும் என்பதால் டியூபும், ரிம்மின் உட்புறப் பட்டையும் தேவை. பழைய இரும்பு ரிம்களிலும் டியூப்லெஸ் டயரை விளிம்பில் பிடித்து நிறுத்தும் மேடு இருப்பதில்லை. அவற்றுக்கும் டியூபே பாதுகாப்பு.

அளவு கணக்கிடுதல்

ஹெரால்டு குடும்பத்துக் கார்களில் வழங்கிய 5.20-13 என்ற அளவை எடுத்துக்கொள்வோம். 5.20 என்பது அங்குலத்தில் டயரின் அகலம். 13 என்பது ரிம்மின் விட்டம். பழைய கிராஸ்பிளையில் பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் ஏறக்குறைய 95 விழுக்காடு. ஆகவே முழு விட்டம் சுமார் 581 மி.மீ.

- 155/80 ஆர் 13: விட்டம் 578 மி.மீ.
- 145/80 ஆர் 13: விட்டம் 562 மி.மீ.
- 185/60 ஆர் 13: விட்டம் 552 மி.மீ.

விட்டத்தில் மிக அருகில் வருவது 155. ஆனால் தொடக்கக்கால ஹெரால்டு ரிம் குறுகலானது. அதற்கு 145 தான் ஒழுங்காக அமரும். அப்போது விட்டம் சுமார் 3 விழுக்காடு குறைவதால், ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது உண்மை வேகம் 58 ஆக இருக்கும். இது பொறுத்துக்கொள்ளக்கூடிய வேறுபாடு. அழகுக்காக 185 போடும்போது ஸ்டியரிங் கனக்கும், மட்கார்டில் உரசும், வண்டியும் தாழ்ந்து தெரியும்.

பக்கச்சுவர்

ரப்பரில் கார்பன் பிளாக் சேர்க்கும் வழக்கம் பரவும் முன் டயர்கள் வெளிர்நிறமாகவே இருந்தன. அகலமான வெள்ளைப்பட்டை 1930களிலிருந்து 1950கள் வரை நாகரிகமாக இருந்தது; 1960களில் அது மெல்லிய கோடாகச் சுருங்கியது. பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களுக்குக் கறுப்பு டயரே பொதுவானது. 1960களின் சிறிய காருக்கு அகல வெள்ளைப்பட்டை போட்டால் சக்கரம் சிறுத்துத் தெரியும், காலமும் பொருந்தாது. அடர்நிறமும் குரோமும் உள்ள பெரிய டூரர் வண்டிக்கே அது எடுக்கும்.

வயதும் வேலை வரிசையும்

2000 முதல் தயாராகும் டயர்களில் நான்கு இலக்கத் தேதி இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். அதிகம் ஓடாத பழைய காரில் டயர் தேய்வதில்லை. நின்ற இடத்திலேயே வெடிப்பு விட்டு முதிர்கிறது. ஐந்து ஆண்டுகளுக்குப் பின் ஆண்டுதோறும் சோதித்து, பத்து ஆண்டானதும் பட்டன் ஆழமாக இருந்தாலும் மாற்றிவிட வேண்டும். லாரியில் ரீட்ரேடிங் பொருளாதார ரீதியாகச் சரி. ஆனால் அரை நூற்றாண்டு முதிர்ந்த கார் டயருக்குப் புதுப் பட்டன் ஒட்டினாலும் உள்ளிழை புதிதாகாது.

2020 ஜூனில் இந்தியா புதிய டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வைத்தது. அரிய அளவுகள் தேவைப்படுவோர், ரிம் வேலையைத் தொடங்கும் முன்பே இந்நாட்டில் என்ன கிடைக்கும் என்று விசாரித்துக்கொள்ள வேண்டும்.

மறுசீரமைப்பு பல ஆண்டுகள் இழுக்கும். முதலிலேயே புது டயர் வாங்கினால் அதன் ஆயுளில் பாதி கொட்டகையிலேயே போய்விடும். கடைப்பிடிக்கத் தக்க வரிசை இது:

1. பழைய நிறத்தின் சான்றுகளைப் புகைப்படத்துடன் பதிவுசெய்தல்
2. அதே அளவுள்ள பழைய அல்லது இரவல் டயரை மாட்டி, ஆட்களை ஏற்றி, ஸ்டியரிங்கை இருபுறமும் முழுதாகத் திருப்பி, எங்கும் உரசுகிறதா என்று பார்த்தல்
3. டிங்கர் வேலை, பிரைமர், மாதிரித் தகடு, பெயிண்ட்
4. ரிம்முக்குப் பெயிண்ட் அல்லது கம்பி சீர்செய்தல்
5. வண்டி ஓடத் தயாரான பின், தேதி பார்த்துப் புது டயர் வாங்குதல்

இரண்டாம் படியைத் தவிர்ப்பவர்களின் புதுப் பெயிண்ட், முதல் வேகத்தடையிலேயே மட்கார்டு விளிம்பில் உரிந்துவிடும்.