பால்காரர் மீட்ட ருசி!

மேஜை மீது வரிசையாகச் சின்னக் கண்ணாடி டம்ளர்கள். ஒன்றில் இருப்பது வைக்கோல் நிறம். அடுத்ததில் தேன் நிறம். கடைசி டம்ளரில் காப்பி டிக்காஷனைப் போல ஒரே கறுப்பு.

எல்லாம் பீர்!

டம்ளர்களுக்கு எண் உண்டு, பெயர் இல்லை. யார் காய்ச்சியது, எந்த ஊர்ச் சரக்கு என்று சுற்றி உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சொல்ல மாட்டார்கள். அவர்கள் மார்க் போட வந்த நடுவர்கள்.

அமெரிக்காவில் நடக்கும் பீர் போட்டிகளில் இது வழக்கமான காட்சி. இந்த நடுவர்களுக்கு 1985-ம் ஆண்டு முதல் பரீட்சைகூட உண்டு. குடிப்பதற்கா பரீட்சை என்று சிரிக்க வேண்டாம். குன்னூரில் தேயிலையை ருசி பார்த்தே சம்பளம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள் அல்லவா? அப்படிப்பட்ட நாக்குதான் இதற்கும் வேண்டும்.

குடியின் கேடு நம் வீடுகளுக்குத் தெரியாதது அல்ல. அதை இங்கே புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே சொல்ல வந்தது, ஒரு ஊரின் ருசி செத்துப் பிழைத்த கதை. அதற்கு முன் இந்த டம்ளர்களைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

மூக்குக்கு முதல் மரியாதை

போட்டியில் மொத்தம் 50 மார்க். ருசிக்கு 20. வாசனைக்கு 12. குடித்தபின் மொத்தத்தில் எப்படி என்பதற்கு 10. வாயில் கெட்டியாக இருக்கிறதா, நீர்த்து இருக்கிறதா என்பதற்கு 5. அழகுக்கு வெறும் 3 மார்க்தான்!

நடுவர் முதலில் டம்ளரை மூக்கருகே கொண்டு போகிறார். வாசனை சீக்கிரம் பறந்துவிடும். அதனால்தான் அவசரம். பிறகு வெளிச்சத்தில் பிடித்து நிறத்தையும் நுரையையும் பார்க்கிறார். அப்புறம் ஒரே ஒரு வாய். ஒயின் ருசி பார்க்கிறவர்கள் வாயில் வைத்துத் துப்பிவிடுவார்கள். பீர் நடுவர்கள் விழுங்குகிறார்கள். விழுங்கினால்தான் கசப்பின் முழுக் கணக்கும் தெரியும் என்பது அவர்கள் வழக்கம்.

மெல்லிய பீர் முதலில் வரும். கறுப்பும் கசப்பும் கடைசியில். ஊறுகாயைக் கடித்த நாக்குக்கு இளநீரின் ருசி தெரியுமா? நடுநடுவே தண்ணீரும் ரொட்டித் துண்டும் தருவார்கள்.

கெட்ட சரக்கை மூக்கே காட்டிக் கொடுத்துவிடும். வெண்ணெய் வாசனை அடித்தால், பீர் முழுதாகப் பக்குவம் ஆவதற்குள் அவசரப்பட்டு எடுத்துவிட்டார்கள் என்று சந்தேகப்படுவார்கள். நனைந்த அட்டைப் பெட்டியின் வாசனை வந்தால், பழைய சரக்கு. உள்ளே காற்றுப் பட்டுவிட்டது. வெயில் பட்ட பீர் இன்னும் மோசம். அமெரிக்கக் காடுகளில் ஸ்கங்க் என்று ஒரு சின்னப் பிராணி உண்டு. எதிரி வந்தால் நாற்றத்தைப் பீச்சி அடித்து விரட்டும். வெளிச்சம் பட்ட பீரில் அதே நாற்றம் வரும். பீர் பாட்டில் பழுப்பு நிறமாக இருப்பது அழகுக்காக அல்ல, வெளிச்சத்தைத் தடுக்கத்தான்.

நாலே சாமான்கள்

பெரும்பாலான பீருக்கு வேண்டியவை நாலே சாமான்கள்: பார்லி, தண்ணீர், ஹாப் பூ, ஈஸ்ட். இந்த நாலை வைத்துக் கொண்டு இத்தனை நிறமும் இத்தனை ருசியும் எப்படி வருகின்றன?

பார்லியை ஊற வைத்து முளைகட்டுகிறார்கள். பிறகு சூடு காட்டி உலர்த்துகிறார்கள். கேழ்வரகை முளைகட்டிக் காய வைத்துக் குழந்தைகளுக்குக் கஞ்சி மாவு செய்வார்களே, ஏறக்குறைய அதே வேலை. முளைத்த தானியத்தில் இனிப்பு ஊறும். லேசாக உலர்த்தினால் பீர் பொன்னிறம். கருக வறுத்தால் கறுப்பு. காப்பிக் கொட்டையை வறுக்கும் பதம் தெரிந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். கறுப்பு பீரில் காப்பி வாசனை அடிப்பது அதனால்தான்.

ஹாப் என்பது ஒரு கொடி. அதன் பச்சைப் பூதான் பீருக்குக் கசப்பு. கெடாமல் காப்பதும் அதுவே. அமெரிக்காவில் 1972-ல் வெளியான காஸ்கேட் என்ற ஹாப் ரகத்தில் பம்ப்ளிமாஸ் வாசனை வீசும்.

ஈஸ்ட் கண்ணுக்குத் தெரியாத உயிர். ஆப்ப மாவைப் பொங்க வைக்கும் ஜாதி. இனிப்பைத் தின்று சாராயச் சத்தையும் வாயுவையும் உண்டாக்குகிறது. இதமான சூட்டில் சீக்கிரமாக வேலை செய்யும் ஈஸ்டால் வருவது ஏல். குளிரில் நிதானமாக வேலை செய்யும் ஈஸ்டால் வருவது லாகர். ஜெர்மனியில் பவேரியா என்ற பகுதியின் கோதுமை பீரை மோந்து பார்த்தால் வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும். அதில் வாழைப்பழமும் போடவில்லை, கிராம்பும் போடவில்லை. எல்லாம் ஈஸ்ட் செய்யும் வேலை!

ஊருக்கு ஒரு தண்ணீர்

இங்கிலாந்தில் பர்ட்டன் என்ற ஊர்த் தண்ணீரில் ஜிப்சம் அதிகம். அது ஹாப்பின் கசப்பை எடுப்பாகக் காட்டும். அதனால் அந்த ஊர் ஏல் பேர் வாங்கியது. இப்போது செக் நாட்டில் இருக்கும் பில்சன் நகரின் தண்ணீரோ உப்பே இல்லாத மெல்லிய தண்ணீர். 1838-ல் அந்த ஊர்க்காரர்கள் கெட்டுப்போன பீரை 36 பீப்பாய் கணக்கில் நகர மண்டபத்தின் முன் கொட்டிக் கவிழ்த்தார்கள் என்பார்கள். பிறகு ஊரே சேர்ந்து சொந்த ஆலை கட்டியது. பவேரியாவிலிருந்து ஜோசப் கிரோல் என்பவரை வரவழைத்தது. 1842-ல் அவர் காய்ச்சியது தெளிந்த பொன்னிற பீர். இன்று உலகம் முழுவதும் கடைகளில் அதிகமாக விற்பது அதன் வாரிசுகள்தான்.

லண்டன் கதை வேறு. மூட்டை தூக்கும் கூலியாட்கள் விரும்பிக் குடித்த கறும்பழுப்பு பீருக்கு அவர்கள் பெயரே நிலைத்துவிட்டது. போர்ட்டர் என்றால் சுமைதூக்கி!

நம் நாட்டின் பெயரும் ஒரு பீருக்கு உண்டு. இந்தியா பேல் ஏல். கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் இங்கிருந்த வெள்ளைக்காரர்களுக்குக் கப்பலில் வந்த பீர் அது. மாதக்கணக்கான கடல் பயணத்தில் கெடாமல் இருக்க ஹாப்பை அள்ளிப் போட்டார்கள். இந்தியாவுக்கு என்றே புதிதாகக் கண்டுபிடித்தது என்று ஒரு கதை சொல்வார்கள். அது அவ்வளவு சரியல்ல. ஹாப் கூடிய வெளிர் பீர் இங்கிலாந்தில் முன்பே உண்டு. போர்ட்டரும் அதே கப்பல்களில்தான் வந்தது.

இப்படி ஊருக்கு ஒன்றாகக் கிடந்த பீரை வகை வகையாகப் பிரித்து எழுதிய புத்தகம் 1977-ல் வந்தது. எழுதியவர் மைக்கேல் ஜாக்சன். பாட்டுக்காரர் அல்ல! இவர் இங்கிலாந்துப் பத்திரிகையாளர். 2007-ல் காலமானார்.

எங்கும் ஒரே ருசி

அவர் எழுதும்போதே பல வகைகள் சாகக் கிடந்தன. ரெயில் வந்தது. குளிர் எந்திரம் வந்தது. பெரிய ஆலை ஒன்று காய்ச்சினால் நாடு முழுவதும் அனுப்பலாம் என்று ஆயிற்று. சின்ன ஆலைகள் போட்டி போட முடியாமல் படுத்தன.

அமெரிக்காவில் 1873-ல் 4,000-க்கு மேற்பட்ட பீர் ஆலைகள் இருந்தன. 1920 முதல் 1933 வரை அங்கே மதுவிலக்கு. அது போனபிறகும் சின்ன ஆலைகள் தலை தூக்கவில்லை. 1970-களின் கடைசியில் எஞ்சியவை நூறுகூட இல்லை. அவற்றிலும் ஏறக்குறைய ஒரே பொன்னிற பீர்தான்.

பெல்ஜியத்தில் ஹூகார்டன் என்று ஒரு கிராமம். தலைநகர் பிரஸ்ஸல்சுக்குக் கிழக்கே இருக்கிறது. அந்த ஊரின் வெள்ளை பீர் பல நூற்றாண்டு பழையது. பார்லியோடு முளைகட்டாத கோதுமையும் சேர்ப்பார்கள். அதனால் மோர்த் தெளிவைப் போலக் கலங்கலாக இருக்கும். அதில் போடும் வாசனைச் சாமான்கள் என்ன தெரியுமா? காய்ந்த ஆரஞ்சுத் தோலும் கொத்தமல்லி விதையும்! நம் வீட்டு ரசத்தில் போடும் அதே தனியாதான்.

1957-ல் டோம்சின் குடும்பத்தின் ஆலை மூடப்பட்டது. அதுதான் ஊரில் வெள்ளை பீர் காய்ச்சிய கடைசி ஆலை. அதோடு அந்த ருசி முடிந்தது. ஊர்க்காரர்களும் மற்றவர்களைப் போலப் பொன்னிற பீருக்கு மாறினார்கள்.

அடுத்த வீட்டுப் பையன்

டோம்சின் ஆலைக்குப் பக்கத்து வீட்டில் வளர்ந்தவர் பியேர் செலிஸ். 1925-ல் பிறந்தவர். பையனாக இருந்தபோது ஆலையில் கூடமாட வேலை செய்திருக்கிறார். பெரியவரானதும் வீடு வீடாகப் பால் ஊற்றும் தொழில்.

ஆலை மூடிச் சில ஆண்டுகள் ஆயின. நண்பர்கள் கூடினால் பழைய வெள்ளை பீரைப் பற்றியே பேச்சு. அது போய்விட்டதே என்ற ஏக்கம். பால்காரர் யோசித்தார். சிறு வயதில் பார்த்த வேலை ஞாபகத்தில் இருந்தது. ருசி நாக்கில் இருந்தது. வீட்டிலேயே சிறிய அளவில் காய்ச்சிப் பார்த்தார். பழைய ஆட்கள் குடித்துப் பார்த்துச் சரி என்றார்கள். 1966-ல் ஆலையே தொடங்கிவிட்டார். அப்போது அவருக்கு வயது 41.

எல்லாம் பொன்னிறமாக இருந்த காலத்தில் கலங்கல் பீரை யார் வாங்குவார்கள்? இளைஞர்கள் வாங்கினார்கள்! பெல்ஜியத்தில் பரவியது. பக்கத்து ஹாலந்துக்கும் போயிற்று. அதைப் பார்த்து மற்ற ஆலைகளும் வெள்ளை பீர் காய்ச்சின.

1985-ல் ஆலையில் தீப்பிடித்தது. இன்சூரன்ஸ் பணம் போதவில்லை. பெரிய பீர் கம்பெனி ஒன்று பணம் போட முன்வந்தது. ஆலை மறுபடி எழுந்தது. ஆனால் கொஞ்ச காலத்தில் அது கம்பெனியின் கைக்கே போய்விட்டது. செலிஸ் வெளியே வந்துவிட்டார்.

அறுபதை நெருங்கித் தாண்டிய வயதில் ஓய்வெடுத்துக் கொண்டிருக்கலாம். அவர் செய்தது என்ன? கப்பலேறாத குறையாக அமெரிக்கா போனார்! டெக்சாஸ் மாநிலத்தில் ஆஸ்டின் நகரம். அங்கே 1992-ல் மறுபடி ஆலை வைத்தார். அதே கோதுமை, அதே ஆரஞ்சுத் தோல், அதே கொத்தமல்லி.

நல்ல சமயத்தில்தான் போய்ச் சேர்ந்தார். அந்த நாட்டில் காற்று மாறியிருந்தது. 1965-ல் பிரிட்ஸ் மேடாக் என்ற 27 வயது வாலிபர் சான் பிரான்சிஸ்கோவில் மூழ்கிக் கொண்டிருந்த ஆங்கர் ஆலையை வாங்கிக் காப்பாற்றினார். 1976-ல் ஜாக் மக்காலிப் என்பவர், பால் பண்ணைகள் கழித்துப் போட்ட பாத்திரங்களைக் கொண்டே சோனோமாவில் ஓர் ஆலை அமைத்தார். 1978-ல் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம், வீட்டில் சொந்தத்துக்குப் பீர் காய்ச்ச அனுமதி தந்தது. அடுப்படியில் பழகியவர்கள் பலர் பிறகு ஆலை வைத்தார்கள். கிராப்ட் பீர் என்று இப்போது சொல்கிறார்களே, சின்ன ஆலைகளின் அந்தக் கைப்பக்குவம் பரவியது இவர்களால்தான். 2023-ல் அங்கே ஆலைகளின் எண்ணிக்கை 9,000-க்கு மேல்!

பிழைத்ததெல்லாம் நிலைத்தது என்று சொல்வதற்கில்லை. மக்காலிப்பின் ஆலை 1982-லேயே மூடிவிட்டது. மேடாக் காப்பாற்றிய ஆங்கர் ஆலை கை மாறி, 2023-ல் கதவைச் சாத்தியது. செலிஸ் ஆஸ்டினில் வைத்த ஆலையையும் ஒரு பெரிய கம்பெனி வாங்கி, பிறகு மூடிவிட்டது. இரண்டு ஆலைகளை உண்டாக்கி இரண்டையும் இழந்த மனிதர் அவர்.

2011-ல், 86-வது வயதில் அவர் காலமானார். அதற்குள் உலகத்தின் பல நாடுகளில் வெள்ளை பீர் காய்ச்சத் தொடங்கிவிட்டார்கள். அவர் மகள் கிறிஸ்டீன், தந்தையின் பெயரிலேயே 2017-ல் ஆஸ்டினில் ஆலையை மறுபடி திறந்தார்.

இன்று பீர் போட்டிகளில் பெல்ஜிய வெள்ளை பீருக்குத் தனி வகுப்பு உண்டு. அந்த டம்ளர் வந்ததும் நடுவர்கள் மோந்து தேடும் வாசனைகளில் ஒன்று கொத்தமல்லி. அது அதிகமாகி மற்றதை அமுக்கிவிட்டால் மார்க்கைக் குறைத்துவிடுவார்கள்.