பேரிடரும் உழவர் நிவாரணமும்

மாணவர்களே! 2018 ஆகஸ்டு மாதத்தில் கேரளம் பெருவெள்ளத்தில் சிக்கியது. இடுக்கி நீர்த்தேக்கம் நிரம்பியதால், செறுதோணி அணையின் மதகு 26 ஆண்டுகளுக்குப் பின் ஆகஸ்டு 9 அன்று திறக்கப்பட்டது. இடுக்கி மலைச்சரிவுகளில் மண் சரிந்து ஏலத் தோட்டங்களும் மிளகுக் கொடிகளும் அழிந்தன. பாலக்காட்டில் நெல்வயல்கள் நீரில் மூழ்கின. வெள்ளத்தால் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு மாநில அரசு உடனடி உதவியாக 10,000 ரூபாய் வழங்கியது. அது குடும்பத்திற்கு உரிய உதவி. பயிர் இழப்பிற்கு உரிய உதவி வேறு. அதைப் பற்றி இப்பாடத்தில் அறிவோம்.

நிதி எங்கிருந்து வருகிறது?

2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி ஒவ்வொரு மாநிலத்திலும் பேரிடர் நிவாரண நிதி உண்டு. கேரளத்தின் நிதியில் நூற்றுக்கு 75 பங்கை மத்திய அரசும், 25 பங்கை மாநில அரசும் செலுத்துகின்றன. எனவே இவ்வுதவி எவரோ இரக்கப்பட்டு ஈயும் கொடை அன்று. மக்கள் செலுத்திய வரிப்பணம் துன்பக் காலத்தில் மக்களிடமே திரும்பி வருவதாகும்.

எவ்வளவு கிடைக்கும்?

பயிரில் 33 விழுக்காடோ அதற்கு மேலோ அழிந்திருக்க வேண்டும். 2022 முதல் 2026 வரைக்கான மத்திய அரசின் விதிப்படி, ஒரு ஹெக்டேர் மானாவாரிப் பயிருக்கு 8,500 ரூபாய், பாசனப் பயிருக்கு 17,000 ரூபாய், ஏலம், மிளகு போன்ற பல்லாண்டுப் பயிருக்கு 22,500 ரூபாய். இரண்டு ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்திற்கு உதவி இல்லை.

கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு ஹெக்டேர் என்பது ஏறத்தாழ இரண்டரை ஏக்கர். ஆகவே ஓர் ஏக்கர் ஏலத் தோட்டம் முழுவதும் அழிந்தாலும் ஏறத்தாழ 9,000 ரூபாயே கிடைக்கும். இத்தொகை இழப்பை ஈடுசெய்யாது. மீண்டும் நடவு செய்வதற்குக் கைகொடுக்கும், அவ்வளவே. முழு இழப்பையும் ஒருவர் தனித்துத் தாங்காதிருக்கவே பயிர்க் காப்பீடு தேவைப்படுகிறது.

பெறுவது எப்படி?

பயிர் அழிந்தவுடன் ஊரிலுள்ள கிருஷிபவனுக்குத் தெரிவிக்க வேண்டும். அழிந்த பயிரைப் படம் எடுத்து வைத்தல் நன்று. நிலவரி ரசீது, ஆதார், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றை விண்ணப்பத்துடன் இணைக்க வேண்டும். அலுவலர் நேரில் வந்து இழப்பை மதிப்பிடுவார். பின்னர்த் தொகை வங்கிக் கணக்கிற்கு வரும்.

இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. வாய்மொழியாகக் குத்தகைக்கு நிலம் எடுத்தவரிடம் எழுத்துச் சான்று இராது. உழைத்தவர் அவர், ஆயினும், தாம் பயிரிட்டதை மெய்ப்பிக்க இயலாமல் அவர் திகைப்பார். குத்தகையை எழுத்தில் பதிந்து வைத்தல் இதனால்தான் இன்றியமையாதது.

தமிழில் எழுதலாம்

நம் பெற்றோர் பலர் மலையாளம் பேசுவர், எழுத அறியார். அதனால் விண்ணப்பிக்கத் தயங்குவோரும் உளர். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இதற்கு வழி செய்துள்ளது. மொழிச் சிறுபான்மைப் பகுதி என அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள மாநில அரசு அலுவலகங்களுக்குத் தமிழர் தமிழிலேயே எழுதலாம். விடையும் தமிழில் வருதல் வேண்டும். வீட்டிலுள்ள பெரியவர்களுக்காக அக்கடிதத்தை எழுதித் தர உங்களால் இயலும் அன்றோ?

செயல்பாடு: மழையால் வாழைத் தோட்டத்தை இழந்த உங்கள் தாத்தாவிற்காகக் கிருஷிபவன் அலுவலருக்கு ஒரு விண்ணப்பம் எழுதுக. நாள், இடம், நிலத்தின் அளவு, இழப்பு ஆகியவை அதில் இடம்பெறுதல் வேண்டும்.