காய்ந்த பின்னும் அடங்காத பலகை

அடிமரத்தின் நெளிவை நேராக்காமல் அப்படியே ஓரமாக விட்டுச் செய்யும் டீப்பாய்க்கு இப்போது மவுசு. இந்தப் பாணிக்குப் பெயர் வாங்கித் தந்தவர் அமெரிக்கத் தச்சர் ஜார்ஜ் நகாஷிமா. 1930களின் இறுதியில் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதிக் கட்டுமானத்தைக் கவனித்த கட்டடக் கலைஞரும் அவரே. இரண்டாம் உலகப் போரில், ஜப்பானிய வம்சாவளி என்பதால் ஐடஹோ முகாமில் அடைக்கப்பட்டார். அங்கிருந்த ஜப்பானியத் தச்சர் ஒருவரிடம் மரவேலையின் நுட்பங்களைக் கற்றார்.

பார்ப்பவர் கண் நெளிந்த ஓரத்தில் நிற்கும். செய்பவருக்கோ உள்ளிருக்கும் ஈரத்தில்தான் கவலை.

பச்சை மரத்தில் தண்ணீர் இரண்டு இடங்களில் இருக்கிறது: செல்களின் குழிக்குள்ளும், செல் சுவருக்குள்ளும். குழிநீர் வற்றினால் எடை குறையும், அளவு மாறாது. ஈரப்பதம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கி, சுவரிலிருக்கும் நீர் வெளியேறும்போதுதான் மரம் சுருங்கும். அதுவும் ஒரே சீராக அல்ல. நகாஷிமா விரும்பிக் கையாண்ட கறுப்பு வால்நட், முழுதாகக் காயும்போது வளையங்களின் போக்கில் ஏறத்தாழ 8 சதவீதம் சுருங்கும். நடுவிலிருந்து பட்டையை நோக்கி 5.5 சதவீதம். நீளவாக்கில் பெயருக்குத்தான். இந்த ஏற்றத்தாழ்வில்தான் பலகை குழிகிறது, முறுக்கிக்கொள்கிறது, வெடிக்கிறது.

எனவே அறுத்த பலகைகளுக்கு நடுவே ரீப்பர் கொடுத்து அடுக்கி, சீக்கிரம் காயும் முனைகளில் மெழுகு பூசி, நிழலில் காற்றாட விடுகிறார்கள். அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது பழைய தொழில் கணக்கு.

காய்ந்ததோடு கதை முடிவதில்லை. மழைக்காலத்தில் பலகை ஈரம் குடிக்கும், கோடையில் விடும். ஈரப்பதம் 12 சதவீதத்திலிருந்து 8 ஆனாலே, 60 செ.மீ. அகல வால்நட் பலகை சுமார் அரை செ.மீ. சுருங்கக்கூடும். அதை இரும்புச் சட்டத்தில் அசையாமல் முடுக்கினால் பலகை பிளக்கும். அதனால் சட்டத்தில் வட்டத் துளைக்குப் பதில், பலகையின் அகலவாக்கில் நீண்ட துளை போட்டு, வாஷர் வைத்துத் திருகாணி முடுக்குவார்கள். மேற்பக்கம் மட்டும் பாலிஷ் அடித்தாலும் ஆபத்து: இரு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் ஈரம் வாங்கும்.

வெடிப்பை நகாஷிமா மறைக்கவில்லை. இடை சிறுத்த, வண்ணத்துப்பூச்சி வடிவக் கட்டையை அதன் குறுக்கே இறக்கினார். கட்டையின் நார்கள் வெடிப்புக்குக் குறுக்காக ஓடும். நார்களின் போக்கில் இழுத்தால் மரம் எளிதில் அறாததால் அந்தப் பூட்டு தாங்கும்.

கடையில் இப்படியொரு டீப்பாயை விலை பேசும் முன், குனிந்து அடிப்பக்கத் துளைகளைப் பாருங்கள்.