கீழிருந்து சாகும் கதவுகள்

பெரியநாயக்கன்பாளையம் வட்டாரத்துக் கட்டுத்தரைக் கதவுகள் கீழிருந்துதான் சாகின்றன. மேலே பெயின்ட் பளிச்சென்று இருக்கும். அடிச் சட்டத்தைச் செருப்பு முனையால் தட்டினால் பொலபொலவென்று கொட்டும். சாணி கழுவிய தண்ணீரும் மாட்டு மூத்திர உப்பும் செய்கிற வேலை. முனை அடைக்காத டியூப் என்றால் இன்னும் மோசம்: மழைத்தண்ணீர் உள்ளே தேங்கி, உள்ளிருந்தே அரித்துக்கொண்டு வரும். வெளியே எத்தனை கோட் ரெட் ஆக்சைடு அடித்தும் பிரயோசனமில்லை.

குருடிமலை அடிவாரத்தில் தவிட்டு வாசனைக்கு யானை வரும். கதவு ஆடினால் தோட்டக்காரருக்குத் தூக்கம் போச்சு. (யானை தள்ளினால் புதுக் கதவும் நிற்காது, அது வேறு கதை.)

கூலி ஏறிவிட்டது, புதுசு வாங்குவதே லாபம் என்பவர்கள் உண்டு. கீலும் மேல் சட்டமும் கெட்டியாக இருக்கையில் முழுக் கதவையும் எடைக்குப் போட எனக்கு மனசு வரவில்லை. துரு முடிகிற இடத்துக்கு இரண்டு விரல் மேலே வெட்டி, உள்ளே சின்ன டியூபைச் சொருகி, புதுத் துண்டை ஒட்டினால் போதும். 16 கேஜ் டியூபின் கனம் சுமார் 1.6 மில்லிமீட்டர்தான். 3.15 மில்லிமீட்டர் வெல்டிங் ராடைப் போட்டு ஒரே இழுப்பாக இழுத்தால் ஓட்டை விழும். 2.5 ராடில் மூலைக்கு மூலை மாற்றி டேக் வைத்து, ஆறவிட்டு ஆறவிட்டு வெல்டிங் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கதவு முறுக்கிக்கொள்ளும், தாழ்ப்பாள் சேராது. அடி டியூபில் தண்ணீர் வடிய ஓர் ஓட்டையும் வேண்டும்.

பஞ்சாலை இயந்திரம் செய்த ஊர்ப் பட்டறைகளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. டியூபை அப்படியே பற்றவைக்கிறார்களே, அதுதான் உறுத்துகிறது. இரும்பு உருக சுமார் 1,500 டிகிரி சூடு வேண்டும். மேலே உள்ள அந்தத் துத்தநாகமோ 907 டிகிரியிலேயே கொதித்து வெள்ளைப் புகையாகிவிடும். கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பையன் அதைத்தான் இழுக்கிறான். சாயங்காலம் குளிரும் காய்ச்சலும் வரும், வாயில் உலோக ருசி அடிக்கும். ஒரு டம்ளர் பால் குடித்தால் சரியாகிவிடும் என்பார்கள். பால் வயிற்றுக்குப் போகிறது, புகை நுரையீரலுக்கு. காய்ச்சல் ஓரிரு நாளில் தானாக இறங்குவதால் யாரும் கணக்கில் வைப்பதில்லை. வெல்டிங் புகை எதுவானாலும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-ல் முடிவுக்கு வந்தது.

ஒட்டும் இடத்தைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்குப் பூச்சைத் தேய்த்தெடுத்துவிட்டு, காற்று முதுகுப்பக்கமிருந்து வரும்படி நின்று, முகமூடியோடு பற்றவைக்கலாம். தேய்க்கும்போது பறக்கிற தூசிக்கும் அதே முகமூடி வேண்டும். வேலை முடிந்ததும் அந்த இடத்தில் துத்தநாகப் பெயின்ட் அடித்துக்கொள்ளலாம். கூடுதலாக அரைமணி நேரம் ஆகும். அந்தக் கூலியைக் கதவுக்குச் சொந்தக்காரர் கேட்காமலே கொடுத்தால், பட்டறைக்காரர் தேய்க்க மாட்டேன் என்றா சொல்லப்போகிறார்?