பால்கோவா விலையும் தலைகீழ் மரமும்

வீட்டுக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதத்திலேயே சந்திக்கும் ஒரு காட்சி உண்டு. ஏதோ ஒரு புரோகிராமில் கிளிக் செய்வீர்கள். திரை வெளுத்துப்போகும், மேலே 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று வரும். மவுஸை எங்கே அழுத்தினாலும் பயன் இருக்காது. இந்த உறைநிலை ஏன் வருகிறது? நானே எழுதிய ஒரு புரோகிராம் இப்படி உறைந்த கதையைச் சொன்னால் எளிதில் புரியும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் என் சித்தப்பா சிறிய பால்கோவா கடை வைத்திருக்கிறார். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற அதே பால்கோவாதான். பால் விலை, சர்க்கரை விலை, விறகு, கூலி எல்லாம் சேர்த்துக் கிலோ விலையைக் கணக்கிடும் புரோகிராம் ஒன்று கேட்டார். கூடவே ஒரு நிபந்தனை: "கணக்கை நானே மாத்திக்கணும்ப்பா. ஒவ்வொரு தடவையும் உன்னைக் கூப்பிட்டுக்கிட்டு இருக்க முடியாது."

நியாயமான கோரிக்கை. ஆனால் புரோகிராமுக்குள் எழுதிவிட்ட கணக்கைக் கடைக்காரர் மாற்ற முடியாது. அவர் டைப் செய்யும் சூத்திரத்தைப் புரோகிராமே படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். அதற்கு உதவுவதுதான் எக்ஸ்பிரஷன் ட்ரீ, தமிழில் கோவை மரம். (கோயம்புத்தூர் அல்ல, பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் வரும் இயற்கணிதக் கோவை!)

உங்களிடம் எக்ஸெல் இருந்தால் இப்போதே பார்த்துவிடலாம். பி1 கட்டத்தில் பால் விலை 40, பி2-ல் சர்க்கரை விலை 45 என்று கொடுங்கள். பி3-ல் =(10*பி1+பி2+155)/3 என்று அடியுங்கள். 'பி' என்ற எழுத்தை மட்டும் ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும். பத்து லிட்டர் பால், ஒரு கிலோ சர்க்கரை, மற்ற செலவு 155, கிடைப்பது மூன்று கிலோ. எண்கள் கணக்கு எளிதாக வருவதற்காக நான் போட்டவை, இதை வைத்து யாரும் கடை திறந்துவிட வேண்டாம்! விடை 200. இப்போது பி3-ஐத் தேர்ந்தெடுத்து, ஃபார்முலாஸ் டேபில் உள்ள 'எவாலுவேட் ஃபார்முலா'வைத் திறந்து, எவாலுவேட் பட்டனை அழுத்திக்கொண்டே வாருங்கள். முதலில் பால் விலை, பிறகு பெருக்கல், பிறகு கூட்டல், கடைசியில் வகுத்தல் என்று படிப்படியாக நடக்கும்.

இந்த வரிசையைப் படமாக வரைந்தால் ஒரு மரம் வரும். ஆனால் தலைகீழ் மரம். உச்சியில் வகுத்தல், அதன் கீழே ஒரு கிளையில் கூட்டல், மறு கிளையில் 3. அடியில் இலைகளாகப் பால் விலை, சர்க்கரை விலை. இலைகளில் இருந்து விடை மேலே ஏறி வருகிறது. எந்தக் கிளையை முதலில் கணக்கிட்டால் தற்காலிக இடம் குறைவாகச் செலவாகும் என்பதற்கே ஒரு வழிமுறை உண்டு. 1970-ல் ஐஐடி கான்பூரில் படித்த ரவி சேத்தியும் ஜெஃப்ரி உல்மனும் வெளியிட்டது. கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படித்தவர்களுக்கு இந்தப் பெயர்களைக் கேட்டதும் அட்டையில் டிராகன் படம் போட்ட தடிமனான புத்தகமும் அரியர் பயமும் நினைவுக்கு வரும்.

நான் எழுதிய மொழி மைக்ரோசாஃப்டின் சி ஷார்ப். அதில் 2007-ல் டாட்நெட் 3.5 உடன் எக்ஸ்பிரஷன் ட்ரீ வந்தது. சித்தப்பா அடித்த சூத்திரத்தை மரமாக்கி, 'கம்பைல்' என்று ஒரு கட்டளை கொடுத்தால் ஓடத் தயார். நன்றாகவே ஓடியது. பிறகுதான் கை அரித்தது. பால் விலையை ஏன் தினமும் டைப் செய்ய வேண்டும், இன்டர்நெட்டில் இருந்து எடுத்துக்கொள்ளட்டுமே என்று அந்த ஓர் இலையை மட்டும் மாற்றினேன்.

ஆடிப்பூரத் தேரோட்டம் அன்று கடையில் நிற்க இடமில்லாத கூட்டம். ஊரில் இன்டர்நெட் திணறியது. மற்ற இலைகள் எல்லாம் தயார், ஒரே ஓர் இலைக்காக மரம் முழுவதும் காத்து நின்றது. திரையை வரைவதும் மவுஸைக் கவனிப்பதும் அதே வரிசையில் நிற்கும் வேலைகள் என்பதால் அவையும் நின்றன. திரை வெளுத்தது. சித்தப்பா இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுப் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டார். காலையில் இருந்து போட்ட பில் விவரம் எதுவும் மிஞ்சவில்லை. பில்களை உடனுக்குடன் ஹார்ட் டிஸ்க்கில் சேமிக்காமல் விட்டது நான்தான். அன்று இரவு நினைவில் இருந்ததை நோட்டில் எழுதிக் கணக்கைச் சரிக்கட்டப் பார்த்தார். சரியாகவில்லை. என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

இதற்குத் தீர்வு அசிங்க்ரனஸ் முறை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு அது பொங்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு யாரும் நிற்பதில்லை அல்லவா? இடையில் இரண்டு வாடிக்கையாளரைக் கவனிக்கிறோம். சி ஷார்ப்பில் இதற்கான 'அசிங்க் - அவெய்ட்' 2012-ல் வந்தது. 2007, 2012 இரண்டு வெளியீடுகளின்போதும் மைக்ரோசாஃப்டில் அந்தப் பிரிவுக்குத் தலைமை வகித்தவர் புதுச்சேரிக்காரரும் கிண்டி பொறியியல் கல்லூரி மாணவருமான சோமசேகர்.

ஆனால் ஒரு சிக்கல். மரமும் உண்டு, காத்திருக்கும் வசதியும் உண்டு, இரண்டும் சேராது! அசிங்க் கட்டளையை எக்ஸ்பிரஷன் ட்ரீயாக மாற்றச் சொன்னால் கம்பைலர் பிழை காட்டிவிடும். இந்த இடைவெளியை நிரப்ப மற்றவர்கள் எழுதிய லைப்ரரிகள் இருக்கின்றன. லைப்ரரி என்றால் நம் புரோகிராமில் சேர்த்துக்கொள்ளக்கூடிய ஆயத்தக் கட்டளைத் தொகுப்பு. ஹைப்பர்பீ எக்ஸ்பிரஷன்ஸ் அப்படி ஒன்று. காத்திருக்க வேண்டிய இடங்களில் மரத்தைத் துண்டுகளாக வெட்டி, எந்தத் துண்டில் நிற்கிறோம் என்பதைக் குறித்துவைத்துக்கொள்ளும். விடை வந்ததும் விட்ட இடத்தில் இருந்து தொடரும். அதுவரை திரை உயிரோடு இருக்கும்.

இப்போது சித்தப்பா கடையில் பால் விலை வரும்வரை அந்தக் கட்டத்தில் 'காத்திருக்கவும்' என்று தெரிகிறது, பில் போடுவது நிற்பதில்லை. பத்து விநாடியில் வராவிட்டால் நேற்றைய விலையை எடுத்துக்கொள்ளும்.

உங்கள் திரை வெளுத்தால் உடனே பவர் பட்டனுக்குப் போகாதீர்கள். சில நிமிடம் பொறுங்கள், பல நேரம் தானே சரியாகிவிடும். ஆகாவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று கீகளையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். அதில் உறைந்த புரோகிராமை மட்டும் தேர்ந்தெடுத்து 'எண்ட் டாஸ்க்' கொடுங்கள். அந்தப் புரோகிராமில் சேமிக்காதது போய்விடும், ஆனால் திறந்திருக்கும் மற்றவை தப்பிக்கும். சித்தப்பா இந்த மூன்று கீகளையும் கல்லாப்பெட்டி மூடியில் எழுதி ஒட்டியிருக்கிறார்.