‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று குழந்தையைத் தள்ளிப்போடுகிறீர்களா? கருமுட்டை சேமிப்பு பற்றித் தெரிந்துகொள்ளுங்கள்!

ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸில் ஹாஸ்டலுக்குத் திரும்பும் பெண்ணா நீங்கள்? ‘தம்பி படிப்பு முடியட்டும், கடன் அடையட்டும், அப்புறம் கல்யாணம், அப்புறம் குழந்தை’ என்று ஒரு கணக்கு வைத்திருப்பீர்கள். தப்பே இல்லை. ஆனால், கருமுட்டைக்கு அந்தக் கணக்கு தெரியாது.

ஒரு பெண் பிறக்கும்போதே சுமார் 10 முதல் 20 லட்சம் கருமுட்டைகளுடன் பிறக்கிறாள். பூப்பெய்தும்போது 3, 4 லட்சம்தான் மிஞ்சும். 37 வயதில் சுமார் 25,000. எண்ணிக்கையோடு தரமும் குறையும். அதனால்தான், சேமிப்பதென்றால் 35 வயதுக்குள் செய்வது நல்லது என்கிறார்கள்.

எப்படிச் செய்கிறார்கள்?

மாதவிடாய் தொடங்கிய 2 அல்லது 3-ம் நாளிலிருந்து, 10-12 நாள்களுக்கு தினமும் ஹார்மோன் ஊசி. நடுவில் சில ஸ்கேன்கள். கடைசியாக ஓர் ஊசி, டாக்டர் சொன்ன நேரத்துக்குச் சரியாகப் போட வேண்டும். அது பெரும்பாலும் இரவில்தான் வரும். அதிலிருந்து சுமார் 36 மணி நேரத்தில், மயக்கம் கொடுத்து முட்டைகளை எடுப்பார்கள். அன்றே வீடு திரும்பலாம். முட்டைகள் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் இருக்கும்.

நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்குச் சிக்கலே இங்கேதான். பெங்களூரு 40 கிலோமீட்டர்தான் என்றாலும், அத்திப்பள்ளி, சந்தாபுரா டிராஃபிக்கைத் தாண்டிக் காலையில் ஸ்கேனுக்குப் போய், மதியம் ஷிஃப்ட்டுக்கு ஓடி வருவது கஷ்டம். அந்த இரண்டு வாரத்துக்கு டே ஷிஃப்டோ லீவோ முன்கூட்டியே கேட்டு வாங்கிவிடுங்கள்.

கேரன்டி உண்டா?

இல்லை. 1997-ல் உலக அழகியான டயானா ஹெய்டன், 30-களில் சேமித்த கருமுட்டை மூலம் 2016-ல் தாயானார். எல்லோருக்கும் அப்படி அமையாது. உறைநிலையிலிருந்து எடுக்கும்போது சில முட்டைகள் வீணாகும், சில கருவாகாது. முதல் முறையில் போதிய முட்டை கிடைக்காவிட்டால் மறுபடி ஊசி, மறுபடி செலவு. ஒரு முறைக்கே லட்சக்கணக்கில் ஆகலாம். சேமிப்புக்கு ஆண்டுக் கட்டணம் தனி. முட்டை இளமையாக இருந்தாலும், 40-க்கு மேல் கர்ப்பமானால் பி.பி., சுகர் ஆபத்து குறையாது.

யார் தள்ளிப்போடக் கூடாது?

கீமோதெரபி தொடங்கப்போகிறவர்கள், சினைப்பையில் ஆபரேஷன் செய்யவிருப்பவர்கள், அம்மாவுக்குச் சீக்கிரமே மாதவிடாய் நின்றுபோனவர்கள் உடனே டாக்டரிடம் பேசுங்கள்.

2021-ல் வந்த செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி, 21 முதல் 50 வயதுக்குட்பட்ட திருமணமாகாத பெண்ணும் இந்தச் சிகிச்சை பெறலாம். மையம் பதிவு பெற்றதா, எத்தனை ஆண்டு வைத்திருப்பார்கள், மொத்தச் செலவு எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள்.

முதல் படியாக, ஏ.எம்.ஹெச். ரத்தப் பரிசோதனையும் ஒரு ஸ்கேனும் போதும். இவை முட்டையின் எண்ணிக்கையைத்தான் காட்டும், தரத்தை அல்ல. ஆனாலும், எவ்வளவு காலம் தள்ளிப்போடலாம் என்று டாக்டரிடம் உட்கார்ந்து பேச அது உதவும். அடுத்த வீக் ஆஃபில் போய்ப் பாருங்களேன்!